டயரைத் தட்டிப் பார்த்த டிரைவருக்கும் விசில் ஊதாத கண்டக்டருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் வயல்களைத் தோண்டி நிலக்கரி எடுக்க ஒன்றிய அரசு விட்ட டெண்டரை எதிர்த்து நின்றோம் இல்லையா, அது பலித்த செய்தி சனிக்கிழமை வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு மூன்றையும் நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி ட்விட்டரில் போட்டதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நெசமாத்தானா? இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். அப்புறம் தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு, அம்மாவே என் போனை அவர்கள் முகத்துக்கு நேராக நீட்ட ஆரம்பித்துவிட்டார்.

என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் எங்களோடு வெயிலில் அலைந்தவர்கள். அதனால் கதையை விட்டுவிட்டு நன்றிக்கு வருகிறேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிட வேண்டியவர்கள். டெண்டர் ஆவணத்தை வரி வரியாகப் படித்து, எது எங்கள் நிலத்தைப் பற்றியது என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்த தஞ்சாவூர் வக்கீல் அக்கா. பட்டா நகலும் அடங்கல் நகலும் எடுக்க ராத்திரியில் ஷட்டரைத் திறந்துவிட்ட ஜெராக்ஸ் கடைக்காரர். வேறு வேறு கொடிகளோடு வந்து ஒரே பந்தலில் உட்கார்ந்த விவசாய சங்கத்துப் பெரியவர்கள். ஏப்ரல் 5ஆம் தேதி சட்டமன்றத்தில் கட்சி பார்க்காமல் இதைப் பேசிய உறுப்பினர்கள். முதல் நாளே பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டு, மறுநாள் அவையில் தானும் டெல்டாகாரன்தான், அனுமதி தரமாட்டேன் என்று சொன்ன முதலமைச்சர். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்து பழகிய அண்ணன்கள். "துண்டறிக்கைக்குக் கீழே அச்சகத்தின் பெயரைப் போட மறந்துடாதே" என்பதுதான் அவர்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். கூட்டம் போட திண்ணை கொடுத்து, சுக்குக் காபியும் கொடுத்து, நடுநடுவே "சத்தமா பேசுங்கடி, காதுல விழல" என்று அதட்டிய அப்பாயிகள். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். யார் பெயரையும்தான் போடவில்லையே.

மிச்ச இடத்தையெல்லாம் இரண்டு பேருக்காக எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வரும் கடைசி டவுன் பஸ்ஸின் கண்டக்டரும் டிரைவரும். எந்த ரூட், எந்த டிப்போ என்று எழுதமாட்டேன். நன்றி சொல்லப் போய் அவர்களுக்கு மெமோ வாங்கிக் கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் பலரும் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். கல்லூரி முடிந்து, வீட்டு வேலை பார்த்து, ஆறரை மணிக்கு மாரியம்மன் கோயில் திடலுக்கு வந்து சேர்வார்கள். ஆண்கள் வேலை முடிந்து வரவே ஏழாகிவிடும். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் கடைசி பஸ் வந்துவிடும். அதை விட்டால் வீடு போய்ச் சேர வழி கிடையாது. பைக்கில் யாரோடாவது போனால் மறுநாள் ஊரே அதைத்தான் பேசும். ஆகவே முதல் நாள் நடந்தது இதுதான்: யார் வீடு வீடாகப் போவது, கலெக்டர் ஆபீசுக்கு யார் போவது, மனுவில் என்ன எழுதுவது என்று முடிவு பண்ணுகிற இடத்தில் பெண் பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினோம். முடிவெல்லாம் நாங்கள் போன பிறகு எடுக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் வந்தது.

மறுநாளும் அப்படித்தான் ஓடினோம். திடலுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே தெருவிளக்கு எரியாத ஒரு துண்டு இருக்கிறது. பஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. போய்விடும் என்று நினைத்தேன். இலவச பஸ் என்றாலே பொம்பளைகள் கை காட்டினால் நிற்காது என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆனால் கண்டக்டர் அண்ணன் கீழே இறங்கி ரோட்டில் நின்றுகொண்டு, டார்ச்சை எங்கள் காலடிக்கு அடித்தார். "ஓடாதீங்கம்மா. இருட்டுல எங்கயாவது விழுந்து வைக்காதீங்க. பஸ்ஸு எங்கயும் போவல."

ஏறி உட்கார்ந்தோம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "என்ன கூட்டம்?" என்றார். சொன்னோம். ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நாளைக்கும் உண்டா? எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டார்.

அதற்கடுத்த ராத்திரிகளில் அந்த பஸ் எங்கள் ஸ்டாப்பில் விசில் சத்தம் இல்லாமல் நின்றது. இன்ஜின் ஓடும், ரைட் சொல்ல ஆள் வெளியே நிற்பார். உள்ளே இருக்கிற பயணிகள் சும்மா விடுவார்களா? அதற்கு டிரைவர் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். சீட்டுக்கடியில் இருந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த டயருக்குப் போவார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிற மாதிரி அவ்வளவு நிதானம். ஒருநாள் உள்ளேயிருந்து ஒரு பெரியவர், "தம்பி, அந்த டயரு தெனமும் இந்த ஸ்டாப்புக்கு வந்துதான் காத்து எறங்குமா?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்காமல், "ரோடு அப்படிங்கய்யா" என்றார்.

கண்டக்டர் அண்ணன் எங்களை எண்ணி ஏற்றுவார். ஒருத்தி குறைந்தால் வண்டி நகராது. "அந்தக் கண்ணாடி போட்ட பாப்பா எங்க?" என்பார். அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை என்று சொன்ன பிறகுதான் விசில். அவள் அப்பாதான் எங்கள் எல்லோருடைய அப்பாக்களிலும் கண்டிப்பானவர். தினமும் தங்கள் ஊர் ஸ்டாப்பில் சைக்கிளோடு நின்று, பஸ் தாமதமாக வருவதை முகத்தில் காட்டுவார். காய்ச்சலன்று கூட வந்து நின்றிருக்கிறார், மகள் வீட்டில் இருக்கும்போது! கண்டக்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னிக்கி உங்க புள்ள வரலையே சார்?" என்றதற்கு அவர், "தெரியும். அந்த டெண்டர்ல நம்ம ஊர் பேரு இருக்கான்னு இதுகள்ட்ட கேக்க வந்தேன்" என்றார். படிக்கட்டில் நின்றபடியே பதில் சொன்னேன். அதற்கும் பஸ் நின்றது.

ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். அவ்வளவுதான் அவர்கள் கொடுத்தது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எங்கள் மனுவில் தண்ணீரைப் பற்றிய பத்தி சேர்ந்தது. ஆண்கள் எழுதி வைத்திருந்ததில் நிலம் இருந்தது, நெல் இருந்தது, இழப்பீடு இருந்தது. பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் தோண்டினால் அதற்கடியில் அழுத்தத்தோடு இருக்கிற ஊற்று நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நெய்வேலியில் அப்படித்தான் இறைக்கிறார்கள், இங்கே இறைத்தால் நம் போர்வெல்லும் அடிபம்பும் என்ன ஆகும் என்று கேட்டவள் அந்தக் கண்ணாடிக்காரிதான். கடைசி பஸ் நின்றதால் கேட்டாள்.

இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்தவர்கள் எத்தனை மணி வரைக்கும் நிற்க முடிகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. காலநிலை நீதி என்று பெரிய ஊர்களில் கருத்தரங்கு நடக்கிறது. அங்கே போன ஒரு தோழி, பெண்களின் பங்கேற்பு பற்றி ஒரு முழு அமர்வு இருந்தது என்றாள். எங்கள் ஊரில் அந்த அமர்வை இரண்டு பேர் கம்பியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு நடத்திவிட்டார்கள்.

காலநிலை என்பதும் எங்களுக்குப் புத்தகத்து விஷயம் இல்லை. இந்த பிப்ரவரியில் அறுக்கிற நேரத்தில் பெய்த மழையில் சம்பா சாய்ந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் தாண்டினால் மூட்டை திரும்பி வரும் என்று அப்பா ரோட்டில் நெல்லைப் பரப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். 2018 கஜா புயலில் எங்கள் தென்னை மொத்தமும் போனது. அப்புறம் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. வானத்தை இப்படிக் கெடுப்பதில் எரிக்கிற நிலக்கரிக்கு இருக்கிற பங்கு எங்களுக்குத் தெரியும். அதே நிலக்கரிக்காக அந்தத் தென்னையை வேரோடு எடுப்போம் என்று ஒரு காகிதம் வந்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

மண்ணுக்கடியில் நிலக்கரி இருப்பது தெரிந்த நாளிலிருந்தே எங்களுக்கு நிம்மதி இல்லை. 2010இல் அதற்குள் இருக்கிற மீத்தேன் வேண்டும் என்று வந்தார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோதுதான் இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் காலமானார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பெரியவர்கள் அழுததுதான் ஞாபகம். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தபோது இனி பயமில்லை என்று நினைத்தோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். ஆக, பட்டியலிலிருந்து எடுத்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிற ஆட்கள் இல்லை நாங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தப்பித்தது, அதோடு சரி என்று இருந்துவிட எனக்கு மனசு வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் வளையமாதேவிப் பக்கம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கொடுக்கமாட்டோம் என்று இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நாங்கள் கூப்பிட்டபோது அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கூப்பிடாமலே நாங்கள் போவோம். இது சத்தியம்.

பஸ் கதையில் ஒரு பாக்கி. சனிக்கிழமை இனிப்பு வாங்கிக்கொண்டு, அண்ணன்களிடம் நேரில் சொல்லவேண்டும் என்று ஸ்டாப்பில் காத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்து இருவருக்கும் ஆஃப். வேறு கண்டக்டர், வேறு டிரைவர். டிபன் பாக்ஸை எடுக்கத் திடலுக்குத் திரும்பி ஓடிய இரண்டு பேருக்காக நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. அவர் மேல் தப்பே இல்லை. நேரத்துக்கு எடுப்பதுதான் அவர் வேலை. கடைசியில் தேங்காய் ஏற்றிவிட்டுத் திரும்பிய ஒரு டாடா ஏஸில், சாக்குகளுக்கு மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம். இனிப்பை அந்த வண்டிக்காரருக்கே கொடுத்துவிட்டோம். அவருக்கும் நன்றி.

அண்ணே, உங்களுக்கு வேறு டப்பா இருக்கிறது. டியூட்டிக்கு வந்ததும் தருகிறோம்.

இனிமேல் எங்கள் கூட்ட அழைப்பில் இடமும் நேரமும் மட்டுமல்லாமல், எந்தப் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் இருக்கும். முடிவு எடுக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே எடுக்கப்படும். இதை ஆண் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தன் மட்டும் முனகினான். மற்றவர்களே அவனைப் பார்த்துக்கொண்டார்கள்.

மே 1 கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். இரண்டு தீர்மானம் கொடுக்கிறோம். ஒன்று, எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நிலக்கரி, மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதற்கும் துளை போடக்கூடாது என்பது. இரண்டாவது, ராத்திரி 9 மணிக்கு இன்னொரு டவுன் பஸ் வேண்டும் என்பது. இரண்டாவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஆனால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

அன்புடன்,
ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் சார்பில் ஒருத்தி
ஏப்ரல் 2023