நீதிபதி சொன்ன தேதியை நம்பியவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலச் சிறைகளில் இருப்பவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், போடும் ஆட்கொணர்வு மனு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நமக்கு இது காணாமல் போனவருக்காகவும் குண்டர் சட்டக் காவலை எதிர்த்தும் போடும் மனு. அங்கே தண்டனை பெற்று, மாநில நீதிமன்றங்களில் எல்லாம் தோற்றவர் போடுவது. அதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு முழுதும் புதிதாக விசாரிக்கப்படும் என்பதுபோல் எழுதியிருப்பது சரியில்லை.

ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்குப் பிறகு, 1996இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இந்த மனுவுக்குப் பொதுவாக ஓராண்டுக் கெடு வைத்தது. மாநில நீதிமன்றம் தவறிழைத்தது என்று காட்டினால் மட்டும் போதாது. நியாயமான எந்த நீதிபதியும் ஏற்க முடியாத தவறாக அது இருக்க வேண்டும். மரண தண்டனை வழக்காக இல்லாவிட்டால் அரசுச் செலவில் வக்கீல் கேட்க பொதுவாக உரிமையும் கிடையாது.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கெடு என்றாலே கண் தேதிக்குத்தான் போகும். 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பவுல்ஸ் வழக்கைப் பாருங்கள். ஒஹாயோ கைதி ஒருவரின் மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கான கெடுவும் தவறிவிட, விதிப்படி 14 நாள் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். மாவட்ட நீதிபதியோ 17 நாள் கொடுத்து, பிப்ரவரி 27 வரை என்று உத்தரவிலேயே எழுதிவிட்டார். 26ஆம் தேதி தாக்கல் செய்தார்கள். உத்தரவுக்கு ஒரு நாள் முன்னால், விதிக்கு இரண்டு நாள் பின்னால்! 5க்கு 4 என்ற கணக்கில் மேல்முறையீடு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நம்மூரில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டிருப்போம். பிழை நீதிபதியுடையது, சிறை கைதிக்கு.

2022இல் வந்த அரிசோனா தீர்ப்பைக் கட்டுரை தொடவே இல்லை. அந்த வழக்கின் கைதி, காதலியின் நான்கு வயது மகளைக் கொன்றதாக மரண தண்டனை பெற்றவர். குழந்தைக்குக் காயம் எப்போது ஏற்பட்டது என்று மருத்துவர்களிடம் விசாரிக்க அவருடைய வக்கீல் மெனக்கெடவில்லை. மாநிலம் அடுத்து நியமித்த வக்கீலும் அதை எழுப்பவில்லை. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மருத்துவச் சாட்சியங்களைக் கேட்டு 2018இல் தண்டனையை ரத்து செய்தது. மாநில நீதிமன்றப் பதிவேட்டில் இல்லாத சாட்சியத்தைப் பார்த்திருக்கவே கூடாது என்று 6க்கு 3 என அதைக் கவிழ்த்தது உச்ச நீதிமன்றம். அவர் 2023இல் வெளியே வந்தார். மனு ஜெயித்ததால் அல்ல. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாததற்காகக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசுத் தரப்போடு செய்த உடன்பாட்டால்.

இதையும் உங்கள் கட்டுரையாளர் எழுதட்டும்.

– ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருச்சி