சுவரில் நகரும் வெயில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் அத்தையின் கண் ஆபரேஷனுக்கு நாள் உறுதியாகிவிட்டது, அப்புறம் பேனாவைத் தொடவே நேரம் கிடைக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போர்வை காயப்போட மாடிக்குப் போயிருக்கிறார், அத்தை கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஒரு மணி நேரமாவது சத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பெரியவன் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து, இரவு வாசல் கதவைப் பூட்டும்போது "அவன் இன்னும் வரலையே" என்று ஒரு நொடி கை நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. அவன் தினமும் ராத்திரி கூப்பிட்டுப் பேசுகிறான் என்கிறாயே, அது பெரிய விஷயம். அந்த வயதில் நாம் இருவரும் வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம் போட்டதற்கே அம்மாக்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று யோசித்துப் பார். அவன் அறையை அப்படியே பூட்டி வைக்காதே. காலையில் ஜன்னலைத் திறந்து வை, காற்று வரட்டும்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போயிருந்தது உனக்குத் தெரியும். முதலில் குறித்த தேதியில் சர்க்கரை அதிகமாக இருக்கிறது என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள், மனுஷி அன்றைக்கு ரொம்பவே சோர்ந்துபோனார். அப்புறம் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து, ஒரு வழியாகப் போன மாதம் நடுவில் வலது கண்ணுக்கு முடிந்தது. கால் மணி நேரம்தான் ஆயிற்று. எனக்குத்தான் வெளியே உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம் அரை நாள் மாதிரி இருந்தது. இன்றோடு 16 நாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 முறை சொட்டு மருந்து, அடுத்த வாரம் 5, இப்போது 4. இரண்டு மருந்துக்கும் நடுவில் 5 நிமிடம் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிக்கொண்டு போய்விடுமாம். அந்த 5 நிமிடத்துக்கு சின்னவன்தான் காவல். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், பாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஆறு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்று நீ பார்த்திருக்கிறாயா?

ஆனால் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தது சுவர் விஷயம்.

பார்வை மங்கியதிலிருந்து அத்தைக்குக் கடிகார முள் தெரியாது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அவர் அறையில் கிழக்கே ஜன்னல், எதிரே வெறும் சுவர், அதில் ஓர் அலமாரி. காலையில் வெயில் எதிர்ச் சுவரில் விழுந்து அலமாரிக் கதவின் ஓரத்தைத் தொட்டால் மணி ஏழரை என்று அவருக்கு ஒரு கணக்கு. யாரையும் எழுப்பாமல் அதை வைத்தே எழுந்து தன் வேலையைப் பார்ப்பார். இந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "வெயில் சரியா வரமாட்டேங்குதும்மா, இடம் மாறிப்போச்சு" என்றார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை, கண் இன்னும் மோசமாகிவிட்டதோ என்றுதான் பயந்தேன். மகள்தான் பாட்டி சொன்னதை நம்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே காலை சரியாக ஏழரைக்குப் போய், சுவரில் வெயில் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி எழுதினாள். அடுத்த ஞாயிறும் போட்டாள், அதற்கடுத்த ஞாயிறும். இன்று காலை ஒன்பதாவது கோடு.

பாட்டி சொன்னதுதான் சரி. கோடுகள் எல்லாம் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. ஜனவரியில் போட்ட முதல் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் வைக்கலாம், அவ்வளவுதான். கடைசி இரண்டுக்கும் நடுவில் அரைச் சாணுக்கு மேல் இருக்கிறது. ஏன் இப்படி வேகம் கூடுகிறது என்று மகள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர்தான் ஊஞ்சலை வைத்துச் சொன்னார். ஊஞ்சல் இரண்டு ஓரத்திலும் போய் ஒரு கணம் தயங்கி நிற்கும், நடுவில் வரும்போதுதான் வேகமாகப் போகும். சூரியன் உதிக்கிற இடமும் அப்படித்தான், டிசம்பர் கடைசியில் தெற்கு ஓரத்தில் ஏறக்குறைய நின்றுவிட்டு, அப்புறம் மெதுவாகக் கிளம்பி, மார்ச் 20 வாக்கில் நேர் கிழக்குக்கு வரும்போது நல்ல வேகத்தில் இருக்கும். பூமி 23.4 டிகிரி சாய்ந்து சுற்றுவதால் வருகிற ஆட்டம் இது. சூரியன் வடக்கே நகர நகர, ஜன்னல் வழியாக வரும் வெயில் சுவரில் தெற்கே நகர்கிறது. நானும் பள்ளியில் படித்துப் பரீட்சை எழுதியவள்தான், ஆனால் சுவரில் கை வைத்து இரண்டு கோட்டுக்கு நடுவே விரலால் அளந்து பார்த்தபோதுதான் எனக்கு அது மண்டையில் ஏறியது.

மகள் அதோடு விடவில்லை. மார்ச் 20 அன்று பகலும் இரவும் சமம் என்று பாடத்தில் இருக்கிறது, தினசரியில் உதய நேரத்தையும் மறையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அதற்கு முன்னாடியே பகல் 12 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறதே என்று ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கு வைக்கிறார்கள், அது போக, காற்று ஒளியை வளைப்பதால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நம் கண்ணுக்கு மேலே தெரிந்துவிடுகிறது, இரண்டும் சேர்ந்து பகலுக்குச் சில நிமிடம் கூடக் கிடைக்கிறது. "நமக்கு இனாமாக் கிடைச்ச நிமிஷம்மா" என்று ஓடிவந்து சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது, ஆனால் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

கட்டு அவிழ்த்த மறுநாள் காலை அத்தை என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நேராக அந்தச் சுவருக்கு எதிரில் போய் நின்றார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடியும் மாற்றினார். நான் பயந்துபோய், "கண்ணைத் தொடாதீங்கத்தை" என்று ஓடினேன். "தொடலம்மா, கையை எட்டத்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, "இந்தச் சுவரு வெள்ளையா?" என்று கேட்டார். வெள்ளைதான், போன வருஷம்தான் அடித்தோம் என்றேன். "இந்தக் கண்ணுல வெள்ளை, அந்தக் கண்ணுல அழுக்கு மஞ்சள். இத்தனை நாளும் சுவரு பழசாயிடுச்சுன்னு நினைச்சேன், உங்ககிட்ட சொன்னா மறுபடியும் செலவு வைக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லல." எனக்குத் தொண்டையை அடைத்தது.

வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் அவர்களுக்கே தெரிவதில்லை. அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும் நீலம் எல்லாம் பளிச்சென்று வந்து விழுகிறது. மோனே என்ற ஓவியர் 1923இல் இதே ஆபரேஷன் செய்துகொண்டு, எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று தவித்தாராம், மகள் எங்கேயோ படித்துவிட்டுப் பாட்டிக்குச் சொன்னாள். அத்தைக்குத் தவிப்பெல்லாம் இல்லை. இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நிற்கும் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு இப்போதுதான் துளிர் விடுகிறது. அந்தத் துளிர் செம்பு நிறத்தில் இருக்கிறது என்பதை அத்தைதான் முதலில் சொன்னார், நான் தினமும் அதன் அடியில் நடந்து போகிறேன், நின்று பார்த்ததில்லை. இலை முற்றும் வரை வெயிலும் பூச்சியும் அதைக் கெடுத்துவிடாமல் இருக்க அந்தச் சிவப்பு உதவுகிறது என்கிறார்கள். முற்ற முற்றப் பச்சையாகிவிடும். ஒரே கிளையில் நுனி சிவப்பாகவும் அடி இளம்பச்சையாகவும் இருப்பதை அத்தை சின்னவனுக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் இதே நேரத்தில் அவன்தான் அவர் கையைப் பிடித்து வாசல்படி இறக்கிவிட்டான்.

அப்புறம் குருவி. ஜன்னலுக்கு மேலே இருக்கும் பொந்தில் ஒரு ஜோடி வந்திருக்கிறது. ஆண் குருவி விடிந்ததும் பொந்து வாயில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிடும், பகல் நீள நீள அதற்கும் கூடு கட்டும் நினைப்பு வந்துவிடுகிறது. குளிர் காலத்தில் பழுப்பாக இருக்கும் அதன் அலகு, குஞ்சு பொரிக்கும் பருவம் வரும்போது நல்ல கறுப்பாகிவிடுமாம். "அலகு மை தடவுன மாதிரி இருக்கு பாரு" என்று அத்தை சொன்னபோது, பத்தடி தூரத்தில் இருக்கிற குருவியின் அலகு அத்தைக்குத் தெரிகிறதே என்று நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முட்டை வைத்தால் இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும் என்று இவர் சொல்கிறார். அதுவரை அந்த ஜன்னல் பக்கம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

போர்வை என்றேன் அல்லவா. குளிருக்கு எடுத்த கனத்த போர்வைகளை எல்லாம் காலையில் ஊறப் போட்டோம். நானும் இவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிர் எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிழிந்தோம், தண்ணீர் நடுவில் சரமாக ஊற்றிற்று, பிள்ளைகள் இருவரும் அதில் காலை நனைத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். போன மாதம் ஒரு போர்வை காய இரண்டு நாள் ஆனது, காய்ந்த பிறகும் ஒரு ஈர வாடை. இன்று மதியத்துக்குள் காய்ந்துவிடும் போலிருக்கிறது. வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும்போது கைக்குக் கிடைக்கிற அந்தச் சூடும் மொடமொடப்பும் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், விடுதியில் நீ உன் துணியையும் என்னிடமே மடிக்கக் கொடுத்துவிடுவாய்.

முன்பனி, பின்பனி என்று பனிக்கே இரண்டு பருவம் ஒதுக்கி, அப்புறம் இளவேனில் என்று நம் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்களே, பின்பனி என்ற சொல்லை இந்த வருஷம்தான் அனுபவித்தேன். விடிகாலையில் இன்னும் கால் சில்லிடுகிறது, எட்டு மணிக்கெல்லாம் முதுகில் இதமாகச் சுடுகிறது. இரண்டும் ஒரே காலையில் கிடைக்கிற இந்தக் கொஞ்ச நாளை விட்டுவிடக்கூடாது என்று தினமும் கால் மணி நேரம் அத்தையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறேன். வேலை காத்திருக்கட்டும்.

உன் பெரியவன் அறைக்கும் கிழக்கேதானே ஜன்னல்? அடுத்த ஞாயிறு ஏழரைக்கு நீயும் ஒரு கோடு போட்டு, அவன் கூப்பிடும்போது சொல்லேன். மகள் இப்போதே உன் வீட்டுக் கோட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

இடது கண்ணுக்கு ஏப்ரலில் ஆபரேஷன். அப்போது நீ இரண்டு நாள் வந்து தங்கினால் எனக்குப் பலமாக இருக்கும். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, பேசு.

முடிக்கும் முன்னால் அத்தை உன்னிடம் கட்டாயம் சொல்லச் சொன்னது ஒன்று. போன வருஷம் நீ கொண்டுவந்து கொடுத்த சால்வையை, சாம்பல் கலரில் வாங்கி வந்திருக்கிறாள், வயசானவளுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாள் போல என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்ததாம் அவருக்கு. நேற்று பெட்டியைத் திறந்து அதை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அது நீலம் என்று உனக்கு எழுதச் சொன்னார். இப்போது வெயில் ஏறியும் அதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்புடன்,
உன் தோழி