பந்துக்கு முன்னால் பிடி

நாகர்கோவில்

அன்புள்ள சேவியர்,

தூத்தூர்ப் பையன்களுக்கு ரக்பி பழக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. உங்கள் கரையில் கால்பந்து ஆடாத பிள்ளை இல்லை. அந்தப் பழக்கம் உதவவும் செய்யும், இடைஞ்சலும் செய்யும்.

பந்தை உதைத்து முன்னே அனுப்பலாம். கையால் கொடுத்தால் பக்கவாட்டிலோ பின்னாலோதான். கால்பந்து ஆடியவன் காலி இடம் கண்டதும் முன்னே ஓடி நிற்பான். இங்கே அவனால் பயனில்லை. பந்து வைத்திருப்பவனுக்கு நாலைந்து மீட்டர் பின்னால், சரிவாக ஓடிவரச் சொல். பந்து கைதவறி முன்னே விழுந்தால் அது நாக்-ஆன், எதிரணிக்கு ஸ்க்ரம்: இரு அணி ஆட்களும் கோத்துக் குனிந்து தோளோடு தோள் தள்ளி, நடுவில் போடும் பந்துக்கு மோதுவது.

டிரைக்கு 5 புள்ளி. எதிரணியின் கோல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்தைத் தரையில் அழுத்தி வைக்க வேண்டும். வைத்த இடத்துக்கு நேராகப் பின்னால் வந்து உதைத்து, கோல் கம்பங்களுக்கு இடையே குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்பினால் இன்னும் 2. கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர்தான், மூலையில் வைத்தவனுக்குக் கோணம் குறுகிவிடும், கடல்காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே துரத்த ஆளில்லாதபோது நடுவுக்கு ஓடிவந்து வைக்கட்டும். எதிரணியின் தப்புக்குக் கிடைக்கும் பெனால்ட்டி உதையும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டுத் துள்ளும்போது உதைக்கும் டிராப் கோலும் அப்படியே போனால் 3.

ஆனால் மக்கா, முதல் இரண்டு வாரம் பந்தையே எடுக்காதே. பிடியை, அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதைப் பழக்கு. கபடி ஆடியவர்கள் கணுக்காலைத் தேடிக் குனிவார்கள். எதிரே வருகிறவன் முழு வேகத்தில் வரும்போது அவன் முழங்கால் இவன் தலையில் இடிக்கும். கண் திறந்து, முதுகு நேராக, தோளை அவன் தொடையில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்ட வேண்டும். தலை அவன் ஓடும் வழிக்குக் குறுக்கே போகவே கூடாது. கன்னம் அவன் இடுப்பின் பின்புறம் ஒட்டியிருக்கட்டும். கழுத்தில் அடிபடுவது பெரும்பாலும் தலையைத் தப்பான பக்கம் வைப்பதால்தான். முதலில் இருவரும் முட்டிபோட்டு, பிறகு நடந்து, கடைசியில் ஓடி. தோளுக்கு மேலே பிடித்தால் பெனால்ட்டி, கேட்டியா?

விழுந்தவன் உடனே பந்தை விட வேண்டும், பிடித்தவனும் அவனை விட்டு விலக வேண்டும். பந்துக்கு மேல் இரு பக்கமும் ஆள் நின்று தள்ளினால் ரக். அதில் சேர வருகிறவன் தன் அணியின் கடைசிக் காலுக்குப் பின்னாலிருந்துதான் நுழையலாம். பக்கத்திலிருந்து புகுந்தால் விசில்.

பதினைந்து பேர் ஆட்டத்துக்கு அவசரம் வேண்டாம். ஏழு பேர் ஆட்டத்தில் தொடங்கு: பாதிக்கு 7 நிமிடம், ஸ்க்ரமில் மூவர் மட்டும். 2016 முதல் ஒலிம்பிக்கிலும் அதுதான். பிள்ளைகளுக்கு அந்த ஸ்க்ரமிலும் தள்ளு வேண்டாம்.

இது அந்நிய ஆட்டம் என்று யாராவது சொன்னால் கல்கத்தா கோப்பையைச் சொல். கல்கத்தா ரக்பி கிளப் 1878-ல் கலைந்தபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன.

மணலில் பழக்கினால் சிப்பி, தூண்டில் முள், கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கிய பிறகே இறக்கு. பல்லுக்கு மவுத்கார்டு கட்டாயம். தலையில் அடிபட்டு ஒருவன் தள்ளாடினாலோ, மறந்து பேசினாலோ உடனே வெளியே எடுத்து டாக்டரிடம் காட்டு. எவ்வளவு அடம்பிடித்தாலும் அன்றைக்கு மறுபடி இறக்காதே.

எத்தனை பேர், என்ன வயசு என்று எழுது. சின்னவர்களுக்கு 4-ம் நம்பர் பந்து போதும்.

அன்புடன்,
ராஜன்