பால்வாடியை மூட விடக்கூடாது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊர்ப் பால்வாடியை, அதாவது அங்கன்வாடியை, நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு உன் காதுக்கும் வந்திருக்கும். பதிவேட்டில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்களாம், அதுதான் காரணமாம். போனில் நீ, "அரசாங்கம் முடிவு பண்ணிட்டா நாம என்னக்கா செய்ய முடியும்?" என்று கேட்டாய். நிறையவே செய்ய முடியும், அதிலும் உன்னால் முடியும். இதே நிலையில் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் உன் வீட்டு விஷயம். சின்னவளுக்கு மூன்று வயது முடியவில்லை, அதற்குள் காலையில் வேன் ஏற்றி சாத்தூருக்கு அனுப்புகிறாய். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசைதான், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் அவள் நோட்டைப் பார்த்தேன். நாலு கோட்டுக்குள் ஏ, பி, சி, டி. பென்சிலை முழுக் கையால் இறுக்கிப் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது. அந்த வயதில் விரல்கள் எழுதுவதற்கு இன்னும் தயாராகியிருக்காது.

அதே வாரம் பால்வாடிக்கும் போயிருந்தேன். டீச்சர் ஒரு தட்டில் புளியங்கொட்டையையும் மொச்சையையும் கலந்து கொட்டி, பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒவ்வொரு கொட்டையாக எடுக்கிறது. ஒரு பையன் பிரித்து முடித்துவிட்டு, கேட்காமலேயே எது அதிகம் என்று எண்ண ஆரம்பித்தான். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. பின்னால் பென்சில் பிடிக்கப் போகிற பிடி அங்கேதான் வருகிறது, கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. 'அங்கே சும்மா சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள்' என்று நம் தெருவில் சொல்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு காலைப் பொழுது உள்ளே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்?

சோறு போடுவதும் சின்ன விஷயம் இல்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்தார்கள். இன்றைக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை. வீட்டில் கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றுவிடுகிறது. அப்புறம் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் சத்துமாவு. மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கோடு ஏறாமல் படுத்துவிட்டால் வீடு தேடி வந்து கேட்கிற ஆள் இந்த ஊரில் டீச்சரை விட்டால் யார்?

நீ வேன் கட்டணம் கட்டக்கூடியவன். கட்ட முடியாதவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும், பட்டாசு செய்கிற பயராபீசுக்கும் போகிறார்கள். விடிந்ததும் கம்பெனி வண்டி வந்துவிடும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டால், பாட்டி கொஞ்ச நேரத்தில் பால்வாடியில் கொண்டுபோய் விடுவாள். நடக்கிற தூரத்தில் இருப்பதால்தான் அது நடக்கிறது. மையத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றினால், முட்டி வலிக்கிற கிழவி இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக நாலு வழிச் சாலையைக் கடப்பாளா? இணைப்பு என்று காகிதத்தில் எழுதுவார்கள், ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது மூடல்தான். அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். பாட்டி இல்லாத வீட்டில், ஏழாம் வகுப்பு படிக்கிற அக்காள்காரி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவாள். பால்வாடியை மூடினால் பெரிய பள்ளிக்கூடத்திலும் ஒரு பெண்பிள்ளையின் இடம் காலியாகும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தர வேண்டும் என்கிறது. உள்ளூர் அங்கன்வாடி, கவனி. அதற்கும் முன்னால், 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். இல்லாத ஊருக்கே கேட்கும் உரிமை உண்டென்றால், இருப்பதை இழக்கிற ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? மக்கள்தொகைக் கணக்கும் ஒன்று உண்டு: 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 வரை இருந்தால் குறு மையம். நம் ஊர் அதற்குள் தாராளமாக வருகிறது.

கணக்கைப் பார்க்கும் விதத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். மதியம் தட்டில் உட்காருகிற பிள்ளைகளை எண்ணிவிட்டு 'ஆள் இல்லை' என்கிறார்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இப்போதுதான் பிரசவித்தவர்கள் எல்லோரும் அந்த மையத்தைச் சேர்ந்தவர்கள்தான். மில் குடியிருப்பில் இருக்கிற வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளை யாராவது எண்ணினார்களா? அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். மொழி தெரியாத அந்தத் தாய்மார்களுக்குப் பால்வாடிக் கதவு தங்களுக்கும் திறந்திருக்கிறது என்றே தெரியாது.

அதனால் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுப்போம். ஆறு வயதுக்குள் உள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர். டீச்சரைச் சங்கடப்படுத்தாமல் நாமே செய்யலாம். அவர் மூடலை எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருக்கிறார், நம் வாய்தான் பேச வேண்டும். ஆகஸ்டு 15 கிராம சபையில் தீர்மானம் வைப்போம். 'மையத்தை இணைக்கக் கூடாது' என்பதோடு, ஒழுகுகிற கூரை, தண்ணீர் வராத கழிப்பறை இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். பிள்ளைகள் குறைந்ததற்கு அவையும் காரணம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நகலை வட்டாரத்தில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் கலெக்டருக்கும் அனுப்பி ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வோம். சுதந்திர தினத்துக்குள் வேலை முடியாவிட்டால் அக்டோபர் 2 இருக்கிறது. ஆனால் அதுவரை ஆணை வராமல் இருக்குமா என்று தெரியாது, தள்ளிப் போடாதே.

இவ்வளவும் செய்துவிட்டு நம் பிள்ளைகளை வேனில் ஏற்றினால் யாரும் நம்மை மதிக்க மாட்டார்கள். சின்னவளை ஒரு மாதம் பால்வாடிக்கு அனுப்பிப் பார். அவளிடம் மாற்றம் இல்லையென்றால் உன் விருப்பப்படி செய், நான் குறுக்கே வர மாட்டேன். நீ அனுப்பினால் நம் தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடுகள் அனுப்பும். உன்னைப் பார்த்துத்தான் அவர்கள் வேன் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுவேன். ஒரு நீள நோட்டு வாங்கி வை. மில் குடியிருப்பில் பேச இந்தி தெரிந்த உன் கூட்டாளியையும் வரச் சொல். கீழத்தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
அக்கா