டீன் ஃப்ரெஞ்ச்-பேட்டா உரைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள சபையாருக்கு,

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் புனித மரியாள் பேராலயத்தின் டீனாக, அதாவது தலைமைக் குருவாக இருந்த கான்வில் ஃப்ரெஞ்ச்-பேட்டாவைப் பற்றி நம் ஆலய மண்டபத்தில் பேசக் கிடைத்தது என் பாக்கியம். நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவருக்காக ஞாயிறு மாலையை ஒதுக்கித் தந்த குருவானவர் ஐயாவுக்கு முதல் நன்றி.

1912-இல் ஷாங்காயில் பிறந்து, இளமையில் நியூசிலாந்தில் அலைந்து, தென்னாப்பிரிக்கா வந்தபின் குருப்பட்டம் பெற்றவர் அவர். இதையே நான் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். "வழக்குக்குச் சீக்கிரம் வாங்க தம்பி" என்று சொல்லிச் சுருக்க வைத்த நூலகர் அக்காவுக்கு நன்றி.

அந்த வழக்கை எனக்குப் புரிய வைத்தவர் நம் சபையின் இளம் வழக்கறிஞர். 1965-இல் டீனானவரை 1971 ஜனவரியில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் கைது செய்தார்கள். குற்றச்சாட்டின் முக்கியப் பகுதி என்ன தெரியுமா? லண்டனிலிருந்து ஒரு தோழி வழியாக வந்த பணத்தை அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தது! அப்பா சிறையில் இருக்கும் வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கக் கொடுப்பது போன்ற உதவிதான். அது தடைசெய்யப்பட்ட நிதியத்தின் பணம் என்றது அரசு. கிடைத்தது 5 ஆண்டு சிறை. அந்தச் சட்டத்தில் அதுதான் குறைந்தபட்சத் தண்டனை என்று தம்பி சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சிட்னி கெண்ட்ரிட்ஜ் அவருக்காக வாதாடினார். 1972 ஏப்ரலில் மேல்முறையீட்டில் விடுதலை. அப்புறம் இங்கிலாந்து போனவர் 1991-இல் அங்கேயே காலமானார்.

பேராலயத்தின் படங்களை அனுப்பிய ஜோகன்னஸ்பர்க் நண்பருக்கும், மழையில் நனைந்தபடி புரொஜெக்டரைத் தூக்கி வந்த வாலிபர் சங்கத் தம்பிகளுக்கும், தேநீரும் சுண்டலும் தந்த பெண்கள் ஐக்கியச் சகோதரிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

அவருக்குப் பின் அங்கே யார் வந்தார்கள் என்று கேட்ட ஞாயிறு பள்ளி மாணவிக்கு ஒரு தனி நன்றி. அன்று நேரமில்லாமல் போனது. முதலில் டிமதி பேவின், அவருக்குப் பின் 1975-இல் டெஸ்மண்ட் டூட்டு வந்தார் மகளே. அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் டூட்டுதான். வெள்ளையர் பகுதியிலிருந்த டீன் மாளிகை வேண்டாம் என்று கறுப்பினத்தவர் வாழ்ந்த சொவேட்டோ பகுதியில் குடியிருந்தார். அடுத்த உரை அவரைப் பற்றித்தான். முன்வரிசையில் உனக்கு இடம் உண்டு.