கல்லுக்கு டாலர் வேண்டாம்

நோர்வூட், இலங்கை
12.2.2023

அன்புள்ள ராமையா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. கோத்தகிரியில் பனி விழுந்து கொழுந்து கருகிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான்.

வீடு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாய். அத்திவாரத்தோடு நிற்கிறது. கம்பிகளின் துரு மழையில் கரைந்து சீமெந்தெல்லாம் காவி வழிந்திருக்கிறது. கூடம் வரவேண்டிய இடத்தில் பக்கத்து லயத்துக்காரி போஞ்சி போட்டுவிட்டாள். காய்ப்பு மோசமில்லை, எங்களுக்கும் ஒரு பிடி தந்தாள்.

போன ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அரசு கைவிரித்ததும், கொழும்பில் மேசனாக இருந்த மூத்தவன் சாந்துக்கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் 1933ஆம் ஆண்டு அமெரிக்கா நினைவுக்கு வருகிறது. நாலில் ஒருவருக்கு வேலையில்லாத காலம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களை முகாம்களில் சேர்த்து மரம் நடவும், மண்ணரிப்பைத் தடுக்கவும், காட்டுப் பாதை வெட்டவும் வைத்தார். மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். (நம் பிள்ளைகளுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும்!) 1942க்குள் சுமார் 30 இலட்சம் பேர் 300 கோடி மரங்கள்வரை நட்டார்களாம். 1935இல் தொடங்கிய இன்னொரு திட்டம் சாலை, பாலம், பள்ளிக்கூடம் என்று சுமார் 85 இலட்சம் பேருக்கு வேலை கொடுத்தது.

அதே உலகப் பொருளாதார மந்தத்தில் நம் தேயிலைத் தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பொறியியலாளர் விமலசுரேந்திராவின் லக்சபான நீர்மின் திட்டமோ 1924இல் தொடங்கி, பணமில்லையென்று நின்று, 1950இல்தான் ஓடியது.

மூத்தவனிடம் இதைச் சொன்னேன். "அவர்கள் தங்கள் டாலரைச் செலவழித்தார்கள் அப்பா, நமக்குக் கம்பி வாங்கவே டாலர் வேண்டுமே" என்றான். நியாயம்தான். ஆனால் தண்ணீர் ஓடக் கான் வெட்டவும் கல்லுக்கட்டு கட்டவும் எதற்கடா டாலர்? சாந்தில்லாமல் நம் தாத்தாக்கள் அடுக்கிய கட்டு இன்னும் ரோட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறதே!

இதற்கு அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் நாலு பையன்களோடு போய், கோயிலுக்குக் கீழே சரிந்த கல்லுக்கட்டை அடுக்கத் தொடங்கிவிட்டான். தோட்டத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டால் எழுதுகிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி?

அன்புடன்,
முத்து