பழியும் பத்திரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எமிலி பிரான்ட்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேத்தரின், ஹீத்கிளிஃப் காதலை உருகி உருகி எழுதியிருந்தார் கட்டுரையாளர். கேத்தரின் கண்ணை மூடியதும் கட்டுரையும் முடிந்துவிட்டது. நாவலில் மொத்தம் 34 அத்தியாயங்கள். அவள் இறப்பது 16-ஆவதில். 1939-இல் லாரன்ஸ் ஒலிவியர் நடித்த திரைப்படமும் அடுத்த தலைமுறையின் கதையை விட்டுவிட்டது. படத்தைப் பார்த்த நினைவில்தான் பலரும் நாவலைப் பேசுகிறார்களோ என்று வருத்தமாக இருக்கிறது.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன். கதை நடக்கும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தின் பேய்க்காற்றும், உடைந்த ஜன்னல் வழியே பற்றிக்கொள்ளும் சில்லிட்ட கையும் என்னையும் நடுங்க வைத்தன. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது ஹீத்கிளிஃபின் பத்திர வேலைதான்.

லிவர்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்ட அனாதை அவன். வளர்ப்புத் தந்தை இறந்ததும் அந்த வீட்டு மகனும் கேத்தரினின் அண்ணனுமான ஹிண்ட்லி அவன் படிப்பை நிறுத்திப் பண்ணையாள் ஆக்குகிறான். அவனை மணப்பது தனக்கு இழிவு என்று கேத்தரின் சொல்வது அவன் காதில் விழுகிறது. 'நானே ஹீத்கிளிஃப்' என்று அவள் பிறகு சொல்லும்போது அவன் அங்கே இல்லை. மூன்றாண்டுகள் கழித்துப் பணத்தோடு வருகிறான். ஹிண்ட்லி சூதாட்டத்துக்காக நிலம் முழுவதையும் அடமானம் வைக்கிறான். அடமானம் பிடித்தவன் ஹீத்கிளிஃப்.

அடுத்தது கேத்தரினை மணந்த எட்கர் லிண்டனின் சொத்து. அவர்கள் மகள் இளைய கேத்தரினை அடைத்துவைத்துத் தன் நோயாளி மகனுக்குக் கட்டிவைக்கிறான். மனைவியின் அசையும் சொத்து கணவனுக்கே என்பது அக்காலச் சட்டம். மகளின் பங்கையாவது காப்பாற்ற, சாவுப் படுக்கையில் உயிலை மாற்ற நினைத்து வக்கீலுக்கு ஆள் அனுப்புகிறார் எட்கர். வக்கீல் உரிய நேரத்தில் வரவில்லை. ஹீத்கிளிஃப் அவரை விலைக்கு வாங்கிவிட்டிருந்தான். இந்தச் சட்ட நுணுக்கங்கள் எவ்வளவு சரியானவை என்பதை 1926-இல் சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் ஆராய்ந்து எழுதினார். எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் 1847-இல் இந்த ஒரே நாவலை வெளியிட்டு, மறு ஆண்டே முப்பது வயதில் மறைந்த பாதிரியார் மகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று இன்னும் வியக்கிறேன்.

எல்லாவற்றிலும் கொடியது ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டது. தனக்கு ஹிண்ட்லி செய்ததை அவன் பிள்ளைக்குத் திருப்பிச் செய்கிறான் ஹீத்கிளிஃப். வுதரிங் ஹைட்ஸ் என்ற அந்த வீட்டு வாசலுக்கு மேலே 1500 என்ற ஆண்டும் 'ஹேர்ட்டன் எர்ன்ஷா' என்ற முன்னோரின் பெயரும் செதுக்கியிருக்கின்றன. அதே பெயரைச் சுமந்த வாரிசு, சொந்த வீட்டில் கூலியில்லாத வேலைக்காரனாக நின்று, அதை வாசிக்கத் தெரியாமல் விழிக்கிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது.

அவனை முதலில் ஏளனம் செய்யும் இளைய கேத்தரினே பிறகு ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, அவன் பெயரெழுதிக் கொடுத்து, வாசிக்கக் கற்றுத்தருகிறாள். இருவர் முகத்திலும் இறந்தவளின் கண்களைப் பார்க்கிறான் ஹீத்கிளிஃப். ஹிண்ட்லி வீடு, எட்கர் வீடு இரண்டையும் இடித்துத் தள்ள எல்லாம் தயாராக இருந்தும் கை ஓங்க மனமில்லை என்கிறான். கட்டுரையாளர் இந்த இடத்தையாவது தொட்டிருக்க வேண்டும்.

கடைசியில், உயில் எழுத வேண்டும், சொத்தை யாருக்கு விடுவதென்று தெரியவில்லை என்று புலம்புகிறான். பத்திரத்தாலேயே எல்லாரையும் வீழ்த்திய அவன் அந்த ஒரு பத்திரத்தை எழுதாமலே சாகிறான். வீடும் நிலமும் ஹேர்ட்டனுக்கும் கேத்தரினுக்கும் திரும்புகின்றன.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
கும்பகோணம்